தனி ஆளாகத் தூக்கக்கூடிய பொக்ஸ்: சின்ன மேடைகளுக்கு பேஸ் கிற்றார் ஸ்பீக்கர் தெரிவு செய்வது எப்படி?

தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குச் சைக்கிள் டைனமோவைப் பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை. மின்சாரம் இல்லை. பற்றரி, தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்கும் கசற் பிளேயருக்கும் கொடுத்தோம். செய்தி கேட்டோம், பாட்டும் கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் பாடகரின் குரல் இழுபட்டுத் தடித்துப்போகும், எல்லோரும் சிரிப்போம். அந்த டைனமோ தரக்கூடியது 6 வோல்ற், 3 வோட்ஸ். மூன்று வோட்ஸில் ஒரு முற்றம் நிறையச் சனம் பாட்டுக் கேட்டது.

இதை இப்போது நினைக்கக் காரணம், போன மாதம் கிளிநொச்சியிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. அழைத்தவன் எனக்கு மருமகன் முறை. பேஸ் கிற்றார் வாசிக்கிறான். ஐந்து பேர் சேர்ந்த ஒரு சின்ன இசைக்குழு. கோயில் திருவிழா, சாமத்திய வீடு, கல்யாண வரவேற்பு, சனசமூக நிலைய ஆண்டு விழா என்று மாதத்துக்கு மூன்று நான்கு நிகழ்ச்சி கிடைக்கிறது.

“மாமா, கொழும்பில ஒரு பொக்ஸ் வந்திருக்கு. நாலு பத்திஞ்சி. ஆயிரம் வோட்ஸ். பழசுதான், ஆனா நல்ல கொம்பனி. எடுக்கட்டே?”

“காசு?”

“அம்மா சங்கிலியை வைக்கிறன் எண்டவா.”

வைத்த நகையை மீட்க முடியாமல் போன வீடுகள் எங்களுடைய ஊர்களில் எத்தனை என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே அவசரப்பட்டு ஓம் என்று சொல்லவில்லை. “அந்தப் பொக்ஸின் நிறை என்ன எண்டு முதலில் கேள் தம்பி” என்றேன். மறுநாள் விடை வந்தது. 43 கிலோ.

2009 இல் அவனுக்கு ஒன்பது வயது. முதுகில் பட்ட ஷெல் துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. பாரம் தூக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். 43 கிலோப் பெட்டியை ஓட்டோவில் ஏற்றி, இறக்கி, மேடைப் படியில் தூக்கி, இரவு பன்னிரண்டு மணிக்குத் திரும்பவும் ஏற்ற வேண்டும். ஓட்டோவின் பின் ஆசனத்தில் அது வைக்க இடம் காணுமோ என்பதே சந்தேகம். லான்ட்மாஸ்டர் பிடித்தால், கிடைக்கிற சம்பளத்தில் பாதி அதற்குப் போய்விடும்.

அவனைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் வடக்கிலும் கிழக்கிலும் இன்னும் பலர் இருப்பார்கள். அவர்களுக்காகவும், அவர்களுக்குக் காசு கொடுக்கும் தாய் தகப்பனுக்காகவும், வெளிநாட்டிலிருந்து “என்ன வேணும்?” என்று கேட்கும் உறவுகளுக்காகவும் இந்த விடயத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று நினைத்தேன்.

பேஸ் கிற்றாரைத் தனியாகக் கவனிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. வழமையாக நான்கு தடித்த கம்பிகள். பாட்டுக்கு அடியில் மேளத்தோடு சேர்ந்து நடக்கிற கனத்த ஒலி அதுதான். இளையராஜாவின் எழுபது எண்பதுகளின் பாடல்களில் அது கிட்டத்தட்ட இரண்டாவது பாடகர் போலவே வரும். மேடையில் அது ஒலிக்கும்போது பலர் கவனிப்பதில்லை. நின்றுபோனால் பாட்டு வெறுமையாகிவிட்டதை எல்லோரும் உணர்வார்கள். கிற்றாரின் சிக்னல் முதலில் அம்பிளிபயருக்குப் போகும். அங்கிருந்து ஸ்பீக்கர் பொக்ஸுக்கு. நாங்கள் இங்கே கதைப்பது அந்தக் கடைசிப் பெட்டியைப் பற்றி.

வோட்ஸ் என்ற மாயை

கடைக்காரர் முதலில் சொல்வதும் வாங்குபவர் முதலில் கேட்பதும் வோட்ஸ் எத்தனை என்பதைத்தான். பொக்ஸின் பின்னால் எழுதியிருக்கும் வோட்ஸ், அது எவ்வளவு சத்தம் போடும் என்பதைச் சொல்வதில்லை. உள்ளே இருக்கும் கொயில் எவ்வளவு மின்சக்தியைக் கருகாமல் தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. ஸ்பீக்கருக்குள் போகும் மின்சக்தியில் சில வீதம் மட்டுமே ஒலியாக வெளியே வரும். மிச்சம் எல்லாம் சூடு.

சத்தத்தைச் சொல்வது வேறொரு எண். ஒரு வோட் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் என்பது. இதனை உணர்திறன் என்று சொல்லலாம். ஒரு பொக்ஸ் 92 டெசிபல், இன்னொன்று 98 டெசிபல் என்று வையுங்கள். வித்தியாசம் ஆறுதானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் மின்சக்தி இரட்டிப்பாக வேண்டும். ஆகவே 98 டெசிபல் பொக்ஸுக்கு 150 வோட்ஸ் கொடுத்தால் வரும் சத்தத்தை 92 டெசிபல் பொக்ஸில் எடுக்க 600 வோட்ஸ் கொடுக்க வேண்டும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் படுவதற்கு ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதாவது பத்து மடங்கு மின்சக்தி. 500 வோட்ஸை விட்டு 1000 வோட்ஸுக்கு மாறினால் கிடைப்பது 3 டெசிபல்தான். கேட்கிறவர் “கொஞ்சம் கூடியிருக்கு போல” என்பார், அவ்வளவுதான்.

ஜெனரேற்றரில் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு இது இன்னும் முக்கியம். குறைந்த மின்சாரத்தில் கூடிய சத்தம் தரும் பெட்டி இருந்தால், பாட்டுக்கு நடுவில் லைற் மங்குவது குறையும்.

இன்னொரு விடயத்தையும் விளம்பரத்தாள் சொல்லாது. கொயில் கருகுவதற்கு முன்னரே, மிகத் தாழ்ந்த சுரங்களில் ஸ்பீக்கரின் கூம்பு தன் எல்லையைத் தாண்டி முன்பின்னாக ஆடத் தொடங்கிவிடும். 400 வோட்ஸ் தாங்கும் என்று எழுதிய ஸ்பீக்கர், ஆகத் தாழ்ந்த சுரத்தில் அதில் பாதிக்கும் குறைவான சக்தியிலேயே படபடக்கலாம். அம்ப்பில் பேஸ் குமிழை முழுவதுமாகத் திருகி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஸ்பீக்கரைக் கிழிப்பது இப்படித்தான்.

அடியொலி எவ்வளவு ஆழம் போக வேண்டும்?

நான்கு கம்பி பேஸ் கிற்றாரின் ஆகத் தாழ்ந்த சுரம் விநாடிக்கு 41 அதிர்வு, அதாவது 41 ஹேர்ட்ஸ். ஐந்து கம்பி என்றால் 31. அப்படியானால் பொக்ஸும் 31 வரை போக வேண்டுமே என்று கேட்பது நியாயமான கேள்வி. பதில், இல்லை என்பதுதான்.

உலகத்தின் பெரிய மேடைகளில் பேஸ் வாசிப்பவரின் பின்னால் ஆள் உயரத்துக்கு நிற்கும் ஒரு பெட்டியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். எட்டுப் பத்தங்குல ஸ்பீக்கர்கள். அம்பெக் நிறுவனம் 1969 இல் கொண்டுவந்த எஸ்விரி அம்ப்போடு சேர்ந்து புகழ்பெற்ற வடிவம் அது. நிறை 60 கிலோவுக்கு மேல். அந்தப் பெட்டியே 58 ஹேர்ட்ஸுக்குக் கீழே மங்கத் தொடங்கிவிடுகிறது. 40 ஐத் தொடும்போது 10 டெசிபல் குறைந்துவிடுகிறது. அரை நூற்றாண்டாக உலகம் ரசித்த பேஸ் ஒலியில் ஆகத் தாழ்ந்த அந்த அடி பெருமளவுக்கு இல்லவே இல்லை.

காது ஏன் அதைக் கண்டுகொள்ளவில்லை? ஒரு கம்பியைத் தட்டினால் 41 மட்டும் வருவதில்லை. அதன் இரட்டிப்பு 82, மும்மடங்கு 123, அதற்கு மேலும் என்று சேர்ந்தே வரும். மேலே உள்ளவற்றைக் கேட்டு மூளை கீழே உள்ளதைத் தானே நிரப்பிக்கொள்கிறது. இதை நாங்கள் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். பழைய தொலைபேசி இணைப்புகள் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே எதையும் கடத்துவதில்லை. ஆண்களின் குரலின் அடி நூறு, நூற்றிருபது ஹேர்ட்ஸ் அளவில் இருக்கிறது. அப்படியிருந்தும் கடல் கடந்து போன அண்ணனோ அப்பாவோ கொமியூனிகேஷனுக்கு எடுத்துக் கதைத்தபோது, “ஹலோ” என்ற ஒரு சொல்லிலேயே அந்தக் கனத்த குரலை அடையாளம் கண்டோம். வயருக்குள் அது வரவில்லை. நாங்கள்தான் நிரப்பிக்கொண்டோம்.

சின்ன மேடைக்கு வேண்டியது 80 முதல் சில நூறு ஹேர்ட்ஸ் வரை தெளிவாகவும் உறுதியாகவும் ஒலிக்கும் பெட்டி. கீழே 50, 55 வரை போனால் தாராளம்.

ஒலிப்பெட்டி செய்பவர்கள் ஹொஃப்மனின் இரும்பு விதி என்று ஒன்றைச் சொல்வார்கள். சிறிய பெட்டி, ஆழமான அடியொலி, அதிக உணர்திறன் என்ற மூன்றில் இரண்டைத்தான் எடுக்கலாம். மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது. “சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், பயங்கரச் சத்தம்” என்று மூன்றையும் ஒருவர் உறுதியாகச் சொன்னால், அவர் விற்க வந்தவர். எங்களுடைய தேவைக்கு விட்டுக்கொடுக்க வேண்டியது ஆகக் கடைசி ஆழத்தைத்தான்.

எத்தனை அங்குலம்?

பதினைந்து அங்குலம் என்றால் ஆழம், பத்து அங்குலம் என்றால் கூர்மை என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதில் உண்மை கொஞ்சம்தான். ஸ்பீக்கரின் வடிவமைப்பும் பெட்டியின் கனவளவும்தான் ஆழத்தைத் தீர்மானிக்கின்றன. நன்றாகச் செய்த பத்தங்குலப் பெட்டி, மோசமாகச் செய்த பதினைந்தங்குலப் பெட்டியை விட ஆழமாகப் போகும். ஒன்று மட்டும் உண்மை: கூம்பு பெரிதாகப் பெரிதாக, மேல் ஒலிகள் ரோர்ச் லைற் போல ஒடுங்கி நேரே மட்டும் போகும். பக்கத்தில் நிற்பவர்களுக்குக் குழம்பிய உறுமல்தான் கிடைக்கும்.

எட்டங்குலம் வீட்டில் பயிற்சிக்குப் போதும். ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் காணாது. நான்கு பத்தங்குலம், நிறையைப் பொறுத்தவரை ஏற்கனவே சொல்லியாகிவிட்டது. நடுவில் இருப்பவை மூன்று: ஒரு பன்னிரண்டங்குலம், இரண்டு பத்தங்குலம், ஒரு பதினைந்தங்குலம். ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால், காற்றுத்துளை உள்ள, பன்னிரண்டங்குல ஒற்றை ஸ்பீக்கர் பொக்ஸைத்தான் சொல்வேன். காந்தம் நியோடிமியம் வகையாக இருந்தால் பொக்ஸின் நிறை 12 முதல் 16 கிலோவுக்குள் நிற்கும். பழைய ஃபெரைற் காந்தம் என்றால் அதே பொக்ஸ் இருபதைத் தாண்டலாம். ஒரு கையில் பொக்ஸ், முதுகில் கிற்றார், தோள் பையில் இரண்டு மூன்று கிலோ நிறையுள்ள சின்ன அம்ப். பஸ்ஸில் கூடப் போகலாம், நடத்துநர் நல்லவராக இருந்தால்.

இரண்டு பத்தங்குலப் பெட்டியை எடுப்பவர்கள் அதைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தால்தான் ஒலி பக்கவாட்டில் நன்றாகப் பரவும். மேல் ஸ்பீக்கர் வாசிப்பவரின் காதுக்கும் கிட்ட வரும். படுக்க வைத்தால் பார்க்க அழகுதான்.

எட்டு ஓமா, நான்கு ஓமா?

இந்த இடத்தில்தான் பலர் அம்ப்பைப் புகைய விடுகிறார்கள். ஓம் என்பது மின்சாரத்துக்குப் பொக்ஸ் காட்டும் எதிர்ப்பு. இரண்டு எட்டு ஓம் பொக்ஸை ஒன்றாகக் கொழுவினால் அம்ப்புக்குத் தெரிவது நான்கு ஓம். இரண்டு நான்கு ஓம் பொக்ஸைக் கொழுவினால் இரண்டு ஓம். பெரும்பாலான அம்ப்கள் நான்கு ஓமுக்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் நல்ல அம்ப் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். மலிவானது எரிந்துபோகும்.

ஆகவே முதல் பொக்ஸை எட்டு ஓமில் வாங்குங்கள். நான்கு ஓமில் 500 வோட்ஸ் தரும் அம்ப், எட்டு ஓமில் 250 முதல் 300 தரும். பாதி போய்விட்டதே என்று கவலைப்படத் தேவையில்லை. அது வெறும் 3 டெசிபல் என்று மேலே பார்த்தோம். நாளைக்குக் கை கொஞ்சம் வசதிப்பட்டால் அதே வகையில் இன்னொரு எட்டு ஓம் பொக்ஸை வாங்கி மேலே அடுக்கலாம். அப்போது அம்ப்பின் முழுச் சக்தியும் வரும், ஸ்பீக்கரும் இரண்டு மடங்கு; மொத்தத்தில் 6 டெசிபலுக்குக் கிட்டக் கூடும். சின்ன நிகழ்ச்சிக்கு ஒன்று, பெரிய வீதிக்கு இரண்டு. கடன்படாமல் வளர இதுதான் வழி.

அம்ப்பிலிருந்து பொக்ஸுக்குப் போகும் வயரும் கவனிக்க வேண்டியது. கிற்றார் வயரும் ஸ்பீக்கர் வயரும் வெளியில் ஒன்று போல இருக்கும். கிற்றார் வயருக்குள் இருக்கும் கம்பி மெல்லியது. ஸ்பீக்கருக்குப் போட்டால் சூடாகி உருகிச் சோட் ஆகும். தடித்த இரண்டு கம்பி வயர் வேண்டும்.

கோயில் வீதியும் சீற் கூரை மண்டபமும்

ஒரே பொக்ஸ் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகக் கேட்கும். அதற்குக் காரணம் சுவர்கள். தாழ்ந்த ஒலி பெட்டிக்கு முன்னால் மட்டும் போவதில்லை. எல்லாப் பக்கமும் பரவும். 41 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீற்றருக்கும் மேல். பின்னால் சுவர் இருந்தால் அது திருப்பி அனுப்பும், பேஸ் கூடும். மூலையில் வைத்தால் இன்னும் கூடும். கோயில் வெளிவீதியில் கொட்டகை போட்டு நடக்கும் நிகழ்ச்சியில் சுவர் இல்லை. வீட்டில் அதிர்ந்த பொக்ஸ் அங்கே காணாமல் போய்விட்டது போலத் தோன்றும். பொக்ஸ் பழுது என்று பயப்படத் தேவையில்லை. அங்கே பொக்ஸை நிலத்தோடு வையுங்கள். பின்னால் மதில் ஏதும் இருந்தால் அதை ஒட்டி வையுங்கள்.

சீற் போட்ட பாடசாலை மண்டபம் இதற்கு நேர்மாறு. பலகை மேடை உள்ளே வெறுமையாக இருப்பதால் அதுவே ஒரு பறை. பொக்ஸை அதன் மேல் வைத்தால் எல்லாச் சுரமும் ஒரே “பூம்” ஆகிவிடும். கதிரை ஒன்றின் மேல் தூக்கி வையுங்கள். சுவரிலிருந்து முன்னே இழுங்கள். அம்ப்பில் பேஸைக் குறையுங்கள். பேஸ் வாசிப்பவன் பேஸைக் குறைப்பதா என்று கேட்பார்கள். குறைத்துப் பார்த்தால், சுரங்கள் தனித்தனியாகக் கேட்கத் தொடங்கும்.

தூக்கி வைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பொக்ஸ் நிலத்தில் இருந்தால் வாசிப்பவரின் முழங்காலுக்குத்தான் தெளிவாகக் கேட்கும். தனக்குக் கேட்கவில்லை என்று அவர் கூட்டக் கூட்ட, முன்வரிசையில் இருப்பவர்களுக்கு நெஞ்சில் இடிக்கும். சற்றுச் சாய்த்து, முகத்தைப் பார்க்க வைத்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

எப்படியும் நூறு இருநூறு பேருக்கு மேல் கூடும் இடத்தில் பொக்ஸ் மட்டும் முழு வேலையையும் செய்ய வேண்டியதில்லை. ஒலிபெருக்கிக்காரர் கொண்டுவரும் பெரிய ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. இன்றைய அம்ப்களின் பின்னால் மிக்சருக்கு நேரடியாக வயர் கொடுக்கும் துளை இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டால் சனத்துக்கு அவருடைய ஸ்பீக்கர். உங்களுடைய பொக்ஸ் உங்களுக்கும் ட்ரம்ஸ்காரருக்கும் மட்டும். அதனால்தான் சின்னப் பொக்ஸ் போதும் என்கிறேன். அப்படிக் கொடுக்கும்போது “ங்ங்ங்” என்று இரைச்சல் வந்தால், கிரவுண்ட் லிஃப்ற் என்று ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கும், அதை அழுத்துங்கள். பிளக்கின் ஏர்த் பின்னை முறிப்பதையோ அதற்குள் வயரை வெட்டுவதையோ ஒருபோதும் செய்யாதீர்கள். கையில் இரும்புக் கம்பிகளோடு, உதட்டில் மைக்கோடு, மழை பெய்த நிலத்தில் நிற்கிறவர் நீங்கள். அந்த ஒரு பின்தான் உயிருக்குக் காவல்.

சத்தத்தைப் பற்றி எங்களுடைய இடத்துக்கே உரிய ஒரு விடயமும் உண்டு. சில வருடங்களுக்கு முன்னர் ஒரு மண்டபத்தில், நிகழ்ச்சி தொடங்க முன்னர் ஒருவர் ஒலியைப் பரிசோதிக்கிறேன் என்று முழுச் சத்தத்தில் ஒரு தட்டுத் தட்டினார். ட்ரம்ஸும் பேஸும் சேர்ந்து ஒரே “டும்”. முன்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர் பக்கத்தில் இருந்த பிள்ளையை இழுத்து மடிக்குள் அமத்திக்கொண்டார். ஒரு கணம்தான். பிறகு சிரித்துச் சமாளித்தார். வாசித்த பெடியன் கவனிக்கவில்லை. அவன் யுத்தம் முடிந்த பிறகு பிறந்தவன். தூரத்து ஷெல் சத்தத்தில் சுவரைத் தாண்டி வந்தது இந்தத் தாழ்ந்த பகுதிதான். உடம்பு அதை மறந்திருக்காது. மெதுவாகத் தொடங்கிக் கூட்டுங்கள். சோதிப்பதற்குத் தனியாகத் தட்டாமல் ஒரு பாட்டையே வாசியுங்கள். குண்டுச் சத்தத்தில் கேட்கும் திறன் குறைந்தவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சத்தத்தைக் கூட்டினால் தெளிவு வராது, வேதனைதான் வரும்.

வாசிப்பவர்களின் காதுக்கும் கணக்கு உண்டு. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணித்தியாலம்தான். இரவு 10 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்குவதில் 2007 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின்னர் கட்டுப்பாடு இருக்கிறது. அயலவர் பொலிசுக்கு முறையிடுவது பெரும்பாலும் பாட்டுக்காக அல்ல, சுவரைத் தாண்டி வரும் பேஸுக்காகத்தான்.

பழையதை வாங்கினால், ஊரில் செய்வித்தால்

2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது, புதிய வெளிநாட்டுப் பொக்ஸ் எங்களுடைய கைக்கு எட்டாத பொருளாகிவிட்டது. ஆகவே பெரும்பாலும் பழையதுதான். பார்க்கப் போகும்போது ஒரு மல்ற்றிமீற்றர் கொண்டுபோங்கள். எட்டு ஓம் பொக்ஸ் மீற்றரில் ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில் காட்டும். நான்கு ஓம் என்றால் மூன்று, மூன்றரை. எதுவும் காட்டாவிட்டால் கொயில் போய்விட்டது. முன் வலையைக் கழற்றச் சொல்லி, இரண்டு கை விரல்களாலும் கூம்பைச் சமமாக, மெதுவாக அமத்துங்கள். உள்ளே உரசுகிற சத்தம் கேட்டால் வேண்டாம். மணந்து பாருங்கள், கருகிய வாசம் சொல்லிவிடும். பிறகு கிற்றாரைக் கொழுவி, தாழ்ந்த சுரத்திலிருந்து ஒவ்வொன்றாக மேலே ஏறுங்கள். ஒரு சுரத்தில் மட்டும் கறகறத்தால் எங்கோ பலகை விட்டிருக்கிறது அல்லது ஆணி தளர்ந்திருக்கிறது, அது திருத்தக்கூடியது. அடிப்பலகையைத் தட்டிப் பாருங்கள். கறையானுக்கு இசை ரசனை கிடையாது.

ஊரில் தச்சரிடம் பெட்டி செய்விப்பது இன்னொரு வழி. மோசமில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. “பன்னிரண்டிஞ்சிக்கு ஒரு பெட்டி” என்று சொல்லிக் கண் மதிப்பில் செய்யக்கூடாது. நெவில் தீல் என்ற அவுஸ்திரேலியப் பொறியியலாளர் 1961 இல், காற்றுத்துளைப் பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையிலான கணக்கை எழுதினார். ரிச்சர்ட் ஸ்மோல் அதை எழுபதுகளில் விரிவாக்கினார். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அதற்கேற்ற கனவளவு, அதற்கேற்ற துளை விட்டம், நீளம் இருக்கின்றன. இன்று நல்ல ஸ்பீக்கர் செய்யும் கொம்பனிகள் அந்த எண்களை வெளியிடுகின்றன. சில, பெட்டியின் அளவையே தருகின்றன. அந்தத் தாளைத் தச்சரிடம் கொடுங்கள். பிளைவூட்டில் செய்யச் சொல்லுங்கள்; எம்டிஎஃப் நிறை கூட, ஈரம் பட்டால் ஊதும். உள்ளே குறுக்குச் சட்டம் அடித்து இறுக்கினால் மெல்லிய பலகையே போதும். மூட்டுகளில் பசை நன்றாகப் பூசிக் காற்றுக் கசியாமல் அடைக்க வேண்டும். துளைக்குப் பிவிசி குழாய் அருமையாகப் பொருந்தும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கு இங்கேதான் ஒரு வேலை. முழுப் பொக்ஸையும் விமானத்தில் கொண்டுவர முடியாது. நியோடிமியம் காந்தம் உள்ள பன்னிரண்டங்குல ஸ்பீக்கர் மட்டும் என்றால் நிறை இரண்டு மூன்று கிலோதான். உடுப்புக்கு நடுவில் வைத்துக்கொண்டு வரலாம். அதற்கு மின்னழுத்தப் பிரச்சினையும் இல்லை. அம்ப்தான் கவனம். கனடாவில் மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. இரண்டுக்கும் பொருந்தும் என்று பின்னால் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இலண்டன், பாரிஸ், சுவிஸ் என்றால் அந்தக் கவலை இல்லை.

மருமகன் கொழும்புப் பொக்ஸை விட்டுவிட்டான். விற்பவருக்குக் கோபம்; மூன்று நாள் திரும்பத் திரும்ப எடுத்தார். இலண்டனில் இருக்கும் அவனுடைய சித்தி ஆவணித் திருவிழாவுக்கு வந்தபோது ஸ்பீக்கரைக் கொண்டுவந்து சேர்த்தார். பெட்டி, வீட்டுக்குப் பக்கத்துத் தச்சரின் கொட்டிலில் நடக்கிறது. முதல் தடவை துளையை ஒரு அங்குலம் கட்டையாக வெட்டிவிட்டார்களாம். பிவிசி குழாயை மாற்றினால் போதும் என்றேன். நேற்று அழைத்துச் சொன்னான், கறுப்புப் பெயின்ற் இன்னும் காயவில்லை, பெட்டி ஸ்பீக்கரோடு 15 கிலோ நிற்கிறது என்று. வருகிற சனிக்கிழமை சனசமூக நிலையத்தில் நிகழ்ச்சி.

“நீங்கள் முன்னுக்கு இருக்காதேங்கோ மாமா. கடைசிக் கதிரையில போய் நிண்டு, கேக்குதோ எண்டு கையைக் காட்டுங்கோ.”